முதலாந்தவணை குடுக்காத ஊரில் இரண்டாந்தவணைக் கதை

“அடுத்த முறையும் அநுரதான். எழுதி வை பிள்ளை.”

மாமா இதைச் சொன்னது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவுச் சாப்பாட்டு நேரம். அம்மா புட்டு அவித்திருந்தா. அம்மம்மா சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தா. மாமா திருநெல்வேலிச் சந்தையடியில் ஓட்டோ ஓடுகிறவர். நாள் முழுக்க பத்துப் பேரோடு கதைத்துவிட்டு வருவதால், ஊர் என்ன நினைக்கிறது என்று தனக்குத்தான் தெரியும் என்று நம்புகிறவர். 2029இல் வரவேண்டிய தேர்தலுக்கு அவர் 2025இலேயே வாக்குப் போட்டு முடித்துவிட்டார்.

மாமா மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கம்பஸ் கன்ரீனிலும் இந்தக் கதை இருக்கிறது. மினிபஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருந்த ரீச்சர் ஒருவரும் சொன்னா: “அந்த மனுசனுக்கு இன்னொரு அஞ்சு வருசம் குடுத்துப் பாக்கவேணும்.” என்ர வகுப்பு வட்சப் குறூப்பில் அநுர வேட்டி கட்டிய படம் வந்தால் உடனே இருபது இதயம் விழும்.

அதனால் மாமாவிடம் கேட்டேன்.

“மாமா, 2024இலை நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?”

மாமா புட்டைக் குழைத்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. “அது வந்து... சஜித்துக்கு. அப்ப ஆருக்குத் தெரியும் இவர் இப்பிடி எண்டு?”

அம்மா சிரித்துவிட்டா. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இரவு படுக்கும்போது யோசித்தால், இது மாமாவின் கதை மட்டும் இல்லை, மாவட்டத்தின் கதை. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 27,086 வாக்குகள். நூற்றுக்கு ஏழு சொச்சம். சஜித் பிரேமதாசவுக்கு 121,177, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558. அநுர நாலாம் இடம். அதாவது, இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் அவருக்கு இரண்டாந்தவணை கேட்கிறவர்களில் கனபேர், அவருக்கு முதலாந்தவணையே குடுக்காதவர்கள்.

பிறகு 54 நாளில் எல்லாம் மாறியது. நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி இதே மாவட்டத்தில் 80,830 வாக்குகள் எடுத்து முதலாவதாக வந்தது. ஆறு ஆசனத்தில் மூன்று அவர்களுக்கு. தெற்கில் இருந்து வந்த ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலாமிடம் வந்ததை எங்கட வீட்டில் ஒருத்தராலும் முதலில் நம்ப முடியவில்லை.

என்ர வாக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. செப்டெம்பரில்தான் நான் முதன்முதல் வாக்களித்தேன். சங்குக்கு நேரே 1 போட்டேன். கையை எடுக்க முதல் திசைகாட்டிக்கு நேரே 2 போட்டேன். அந்தத் தேர்தலில் ஒருவரும் ஐம்பது வீதத்தைத் தாண்டவில்லை. இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகளையும் எண்ணினார்கள். முதல் இரண்டு இடத்துக்குள் வராதவர்களின் வாக்குச்சீட்டுகளில் 2 எங்கே கிடக்கிறது என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் என்ர வாக்கு கடைசியில் அநுரவிடம்தான் போய்ச் சேர்ந்தது. நான் அவருக்குப் போட்டேன் என்றாலும் சரி, போடவில்லை என்றாலும் சரி. யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் கனபேரின் மனம் அந்தச் சீட்டு மாதிரித்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

சரி, இப்ப இந்த இரண்டாந்தவணைக் கதைக்கு வருவோம்.

‘தவணை’ என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பள்ளிக்கூடம். முதலாம் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை, ஒவ்வொன்றுக்கும் ஒரு றிப்போட். அம்மாவுக்கு ‘தவணை’ என்றால் லோன். அம்மம்மாவுக்கு அது வழக்கு. “தவணைக்கு மேலை தவணை போட்டு இழுத்தடிச்சவங்கள்” என்று தன்ர தகப்பன்ர காணி வழக்கைப் பற்றி இப்பவும் சொல்லுவா. ஆகவே ஒரு ஜனாதிபதிக்கு இரண்டாந்தவணை என்று மாமா சொல்லும்போது, எங்கட வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகத்தான் கேட்டிருப்போம்.

இலங்கையில் இரண்டாந்தவணை எப்படி இருந்தது என்பதை நான் புத்தகத்தில் படிக்க முதல் வீட்டில்தான் கேட்டேன்.

முதலாவது ஜே.ஆர். ஜயவர்த்தன. அவர் 1978இல் தேர்தல் இல்லாமலே ஜனாதிபதி ஆனவர். சனத்திடம் வாக்குக் கேட்டு வந்தது 1982 ஒக்ரோபர் 20இல். அப்பப்பா உரும்பிராயில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். சிறிமாவின் 1970–77 ஆட்சியில் இறக்குமதி தடை. யாழ்ப்பாண வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை. சிவப்பு மண்ணில் கல்வீடுகள் எழும்பிய காலம் அது. 1977க்குப் பிறகு ஜே.ஆர். கதவைத் திறந்துவிட்டார், வெளியிலிருந்து சாமான் வந்தது, விலை விழுந்தது. அப்பப்பா 1982இல் கை சின்னத்துக்கு, கொப்பேகடுவவுக்குப் போட்டவர். அவர் மட்டும் இல்லை. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் குமார் பொன்னம்பலம் முதலாவது, கொப்பேகடுவ இரண்டாவது, ஜே.ஆர். மூன்றாவது. அவருக்கு இங்கே கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு.

“தமிழன் சிங்களவனுக்குப் போட்டான் எண்டு கதைச்சவை. நான் வெங்காயத்துக்குப் போட்டனான்,” என்று அப்பப்பா சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். இப்ப “யாழ்ப்பாணம் மாறிட்டுது, வயித்தைப் பாத்து வாக்குப் போடத் தொடங்கிட்டுது” என்று யாராவது எழுதினால் எனக்கு அப்பப்பாதான் நினைவுக்கு வருவார். அது 43 வருசத்துக்கு முந்தியே நடந்த விசயம்.

ஜே.ஆர். வென்றார். அதே வருட டிசெம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்தார், நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டுவதற்கு. விளக்கு என்றால் ஓம், குடம் என்றால் இல்லை. யாழ்ப்பாணம் பெருமளவில் குடத்துக்குப் போட்டது. நாடு விளக்குக்குப் போட்டது. ஏழு மாதத்தில் 1983 ஜூலை வந்தது. அதுதான் முதலாவது இரண்டாந்தவணை.

இரண்டாவது சந்திரிகா. இதைச் சொல்ல அம்மா வேணும். 1994இல் அம்மாவுக்கு 13 வயது. “உங்களுக்கு இப்ப அநுர மாதிரித்தான் எங்களுக்கு அப்ப சந்திரிகா,” என்பா. வாக்குப் போட இங்கே அப்போது வழியில்லை, குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆனாலும் சமாதானம் வரும் என்ற நம்பிக்கை. கடைகளில் ‘சந்திரிகா காப்பு’ என்று காப்பு விற்றது. அம்மாவும் ஒரு சோடி வாங்கிப் போட்டவ. 1994 நவம்பரில் சந்திரிகா 62 வீதத்துக்கு மேல் எடுத்து வென்றார். 1995 ஏப்ரலில் பேச்சு முறிந்தது. ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை, சேறு, நாவற்குழிப் பாலத்தடியில் நெரிசல். “அந்தக் காப்பு எங்கை விழுந்தது எண்டே தெரியாது,” என்பதோடு அம்மா அந்தக் கதையை நிற்பாட்டிவிடுவா.

1999 டிசெம்பரில் சந்திரிகா இரண்டாந்தவணை கேட்டு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோர் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. அவர் வென்றார். வாக்களிப்புக்கு மூன்று நாள் முதல் கொழும்பில் அவரைக் குறிவைத்து நடந்த குண்டுவெடிப்பில் ஒரு கண் பார்வையை இழந்திருந்தார். 2000 ஓகஸ்டில் புதிய அரசியலமைப்பு வரைவை நாடாளுமன்றத்துக்குக் கொண்டு வந்தார், எதிர்க்கட்சிக்காரர் அதைக் கிழித்து எரித்தார்கள், அதோடு சரி. சுனாமிக்குப் பிறகு 2005 ஜூனில் புலிகளோடு ஒரு பொதுக் கட்டமைப்புக்குக் கையெழுத்து வைத்தார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனது ஜே.வி.பி. இன்றைக்கு அநுர தலைவராக இருக்கிற அதே கட்சி. அடுத்த வருடம் வடக்கையும் கிழக்கையும் பிரித்த தீர்ப்புக்கு வழக்குப் போட்டதும் அவர்கள்தான். இதை நான் பழிவாங்கச் சொல்லவில்லை. மறக்காமல் இருக்கச் சொல்லுகிறேன்.

மூன்றாவது மகிந்த. 2005 நவம்பரில் அப்பாவின் கையில் வாக்காளர் அட்டை இருந்தது, ஆனால் போகவில்லை. மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 1.21. ரணில் நாடு முழுவதும் தோற்றது ஏறத்தாழ 180,000 வாக்கால். பிறகு 2009. பிறகு 2010 ஜனவரி 26, மகிந்தவின் இரண்டாந்தவணை. யாழ்ப்பாணத்தில் நாலில் ஒருவர்தான் வாக்களித்தார்கள். அதிலும் 63 வீதத்துக்கு மேல் சரத் பொன்சேகாவுக்கு. யோசித்துப் பாருங்கள், யுத்தத்தை நடத்திய தளபதிக்கு. “அவருக்குப் போடேல்லை. மற்றவருக்கு எதிராப் போட்டது,” என்பார் அப்பா. வென்ற மகிந்த எட்டு மாதத்தில் 18ஆம் திருத்தத்தைக் கொண்டு வந்து இரண்டு தவணை என்ற வரம்பையே எடுத்துவிட்டார். 2015இல் மூன்றாவது தவணை கேட்டார். யாழ்ப்பாணத்தில் 74 வீதம் மைத்திரிக்குப் போட்டோம். அந்த வருடம் 19ஆம் திருத்தத்தோடு இரண்டு தவணை வரம்பு திரும்பி வந்தது.

இந்த மூன்று பேரையும் வரிசையாக வைத்தபோது நான் கவனித்தது ஒன்று. மூன்று பேருமே முதலாந்தவணை முடியும்வரை பொறுக்கவில்லை. ஜே.ஆருக்கு 1984 வரை நேரம் இருந்தது, சட்டத்தைத் திருத்தி 1982இல் தேர்தல் வைத்தார். சந்திரிகாவுக்கு 2000 வரை இருந்தது, 1999இல் வைத்தார். மகிந்தவுக்கு 2011 வரை இருந்தது, யுத்தம் முடிந்த சூட்டோடு 2010 தொடக்கத்தில் வைத்தார். சனம் உற்சாகமாக இருக்கும்போதே இரண்டாந்தவணையை வாங்கிவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உற்சாகம் எவ்வளவு நாளைக்கு என்று எங்களைவிட அவர்களுக்கு வடிவாத் தெரியும்.

இரண்டாவது, சந்திரிகா 1994இல் என்ன சொல்லி வந்தார்? நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 ஜூலைக்கு முன் ஒழிப்பேன் என்று. மகிந்த 2005இல்? அவரும் ஒழிப்பதாகத்தான் சொன்னார். தேசிய மக்கள் சக்தியின் 2024 விஞ்ஞாபனம்? புதிய அரசியலமைப்பு, நிறைவேற்று ஜனாதிபதி முறை ஒழிப்பு.

இதை மாமாவிடம் சொன்னேன். “மாமா, அநுர தன்ர வாக்கைக் காப்பாத்தினா 2029இலை நீங்கள் நினைக்கிற மாதிரி ஜனாதிபதித் தேர்தலே இருக்காது. அவருக்கு இரண்டாந்தவணை குடுக்கிறது எண்டா அவர் தன்ர வாக்கைக் காப்பாத்தேல்லை எண்டு அர்த்தம்.”

மாமா கொஞ்சம் யோசித்தார். “உதெல்லாம் கம்பஸ் கதை பிள்ளை,” என்றார். ஆனால் பதில் சொல்லவில்லை.

மாமாவின் பக்கத்தை நான் சரியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. எங்கட அம்மம்மாவின் வீடு பலாலியில். 1990இல் வெளிக்கிட்டவர்கள். அம்மாவுக்கு ஒன்பது வயது, மாமாவுக்கு ஐந்து. காணி இன்னும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள். கம்பஸுக்குப் பக்கத்தால் போகிற அதே பலாலி வீதிதான், ஆனால் எங்களுக்கு அது வசாவிளானோடு முடிகிற வீதி. 2025 ஏப்ரல் 10இல் அதற்கு அங்கால் உள்ள துண்டை 35 வருடத்துக்குப் பிறகு திறந்தார்கள்.

அடுத்த கிழமையே மாமா அம்மம்மாவை ஓட்டோவில் ஏற்றினார். நானும் போனேன். பாதை திறந்ததே தவிர நிபந்தனை கன இருந்தது: இடையில் நிற்கக்கூடாது, நடந்து போகக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, பொழுதுபட முதல் வெளியில் வந்துவிட வேண்டும். அம்மம்மா வெள்ளைச் சேலை கட்டி, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்து ஏறினா. இரண்டு பக்கமும் கம்பி வேலி. மாமா மெல்ல மெல்ல ஓடினார். அம்மம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டே வந்தா. “இதிலை ஒரு புளி நிண்டது... இல்லை, இன்னும் அங்காலை...” என்றா. பனையைத் தவிர அவவுக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. எங்கட ஒழுங்கை எது என்று கண்டுபிடிக்க முதல் ஓட்டோ மற்றப் பக்கம் வந்துவிட்டது. “திருப்பி ஒருக்கா விடு தம்பி,” என்றா. மாமா இரண்டாந்தரமும் ஓடினார். அப்பவும் கண்டுபிடிக்கவில்லை.

வரும் வழியில் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “முப்பத்தஞ்சு வருசம் அம்மா. ஒருத்தன் திறந்திட்டான்.”

மாமாவின் இரண்டாந்தவணை அன்றைக்கு, அந்த ஓட்டோவுக்குள் முடிவானது. அதை நான் எப்படிப் பகிடி பண்ணுவது? பிறகு செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி யாழ்ப்பாணம் வந்தபோது மாவட்டச் செயலகத்தில் பாஸ்போட் அலுவலகம் திறந்தார், மயிலிட்டித் துறைமுகத்தின் அடுத்த கட்ட வேலையைத் தொடங்கி வைத்தார், பொது நூலகத்துக்கும் போனார். என் நண்பர்களில் பாதிப் பேருக்கு அந்த பாஸ்போட் அலுவலகம்தான் பெரிய விசயம். அதில் ஒரு சோகமும் இருக்கிறது. அது வேற கட்டுரை.

ஆனால் வீதி திறக்க இரண்டு கிழமைக்கு முதல், மார்ச் 28இல், ஒரு வர்த்தமானியும் வந்தது. வடக்கின் நாலு மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணி. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்று. எங்கட காணி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அம்மா பயந்துபோய் இரவு முழுக்க உறுதி தேடினா. உறுதி 1995 இடப்பெயர்வில் ஒரு தகரப் பெட்டியோடு போய்விட்டது. கையில் இருப்பது ஒரு பழைய போட்டோக் கொப்பி, அதுவும் ஒரு மூலை கிழிந்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் அந்த மாதம் அலுமாரிகளைக் கொட்டிக் கிளறியிருப்பார்களோ! பிறகு எதிர்ப்பு வந்தது, உயர் நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை போட்டது, அரசு வர்த்தமானியை மீளப்பெற்றது. அதையும் கணக்கில் எழுதவேண்டும். தவறு என்று சொன்னபிறகு பின்வாங்கினார்கள். முந்தியவர்கள் அதுகூடச் செய்ததில்லை. ஆனால் அதைப் போட்டதும் இவர்கள்தான்.

ஒரே அரசு, ஒரே மாதத்துக்குள், ஒரு கையால் வீதியைத் திறந்தது, மற்றக் கையால் அம்மாவை அலுமாரி கிளற வைத்தது. மாமா முதலாவதை மட்டும் பார்க்கிறார். கம்பஸில் என்ர ஒரு சிநேகிதன் இரண்டாவதை மட்டும் பார்க்கிறான். அவனுக்கு மாமா மாதிரியானவர்கள் “விலைபோன சனம்”. எனக்கு இரண்டு பேரோடும் சண்டை.

மாமா சொல்லும் இன்னொரு வாதம் கொஞ்சம் பலமானது. “முதல் தவணையிலை அவர் சிங்களச் சனத்தின்ர வாக்கைப் பாக்கத்தானே வேணும்? ரெண்டாந்தவணை வரட்டும். அதுக்குப் பிறகு தேர்தல் இல்லை, பயமில்லை. அப்பதான் எங்கட பிரச்சினைக்குக் கை வைப்பார்.” இதை நான் குறைந்தது ஐந்து பேரிடம் கேட்டிருக்கிறேன்.

இதுவும் புதுசு இல்லை. அமெரிக்காவில் ஒபாமா 2009இல் வந்த உடனே குவாந்தனாமோ சிறையை மூடுவதாகக் கையெழுத்து வைத்தார். முதலாந்தவணையில் மூடவில்லை. இரண்டாந்தவணையில் துணிவார் என்று ஆதரவாளர்கள் நம்பினார்கள். 2017 ஜனவரியில் அவர் போகும்போது உள்ளே இன்னும் 41 பேர் இருந்தார்கள். எங்கட நாட்டில் இரண்டாந்தவணை கிடைத்த மூன்று பேரும் அந்தத் துணிவை எதற்குப் பாவித்தார்கள் என்று மேலே பார்த்தோம். ஒருவர் நாடாளுமன்றத்தை நீட்டினார். ஒருவர் வரைவோடு நின்றார். ஒருவர் மூன்றாவது தவணைக்கு வழி வெட்டினார். தேர்தல் பயம் இல்லாத ஜனாதிபதி எங்களுக்கு நல்லது செய்வார் என்பதற்கு இந்தத் தீவில் ஒரு உதாரணம்கூட இல்லை. உண்மையில், எங்களிடம் வாக்குக் கேட்கத் தேவையே இல்லாத ஆளிடம் நாங்கள் எதை வைத்துக் கேட்பது?

அதோடு, பொறுக்கவேண்டிய தேவையும் இல்லை. நாடாளுமன்றத்தில் இப்போது அவர்களுக்கு 225க்கு 159 ஆசனம். மூன்றில் இரண்டுக்கு மேல். ஜே.ஆருக்குப் பிறகு இப்படித் தனியாக ஒருவருக்கும் கிடைத்ததில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்போம் என்று சொன்னார்கள். நான் இதை எழுதும்போதும் அது சட்டமாகத்தான் இருக்கிறது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. ஏழு வருடமாகத் தேர்தல் இல்லை. என்ர வயதில் ஒருவரும் மாகாண சபைக்கு வாக்குப் போட்டதே இல்லை. செம்மணியில் சித்துப்பாத்தி மயானத்தில் இந்த வருடம் தோண்டத் தோண்ட இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள். சின்னப் பிள்ளையின் புத்தகப்பையும் அதற்குள் இருந்தது. தோண்ட விட்டார்கள் என்பதே ஒரு மாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற பதிலுக்கு இரண்டாந்தவணை தேவையில்லை.

இது எதுவும் ஊருக்குத் தெரியாமல் இல்லை. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் தமிழ்க் கட்சிகள் திரும்பி முன்னுக்கு வந்துவிட்டன. நவம்பரில் திசைகாட்டிக்குப் போட்ட கை மே மாதத்தில் வேறு இடத்துக்குப் போனது. சிலர் இதை “யாழ்ப்பாணம் தடுமாறுது” என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. செப்டெம்பரில் ஒன்று, நவம்பரில் ஒன்று, மேயில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் தவணைக்குத் தவணை புள்ளி போடுகிற மாதிரித்தான் ஊர் போட்டிருக்கிறது.

எனக்கு உற்சாகத்தில் கோபம் இல்லை. நான் பிறந்ததிலிருந்து எங்கட வீட்டில் ஜனாதிபதி என்றால் பயம், அல்லது வெறுப்பு, அல்லது “ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான்”. ஒரு ஜனாதிபதியைப் பற்றி மாமா ஆசையாகக் கதைத்து நான் இப்பதான் பார்க்கிறேன். இந்த நாட்டில் எனக்கும் ஒரு சொல் இருக்கிறது என்று அவர் 40 வயதில் முதன்முதல் நினைக்கிறார். அதை நான் பறிக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நாலு வருடத்துக்கு முதலே முற்பணமாகக் குடுத்துவிட்டால் பிறகு கையில் என்ன மிச்சம்? 2005இல் நாங்கள் போகாமல் விட்டதும் 2015இல் நாங்கள் போனதும் நாட்டின் முடிவையே மாற்றியிருக்கிறது. அந்தப் பெறுமதி, போடுவோமோ மாட்டோமோ என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும்வரைக்கும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, கதை முற்றி மாமாவும் நானும் குரலை உயர்த்தியபோது, அம்மம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தா.

“தம்பி, ரோட்டைத் திறந்தவைக்கு நான் நன்றி சொல்லுவன். ஆனா எனக்கு வயது எழுபத்தொன்பது. ரோட்டைத் திறந்தவை படலையையும் திறக்கட்டும். பேந்து பாப்பம் தவணைக் கதையை.”

ஒருவரும் கதைக்கவில்லை. மாமா எழும்பிப் போய்க் கை கழுவினார். போகும்போது என்னைப் பார்த்து, “சரி, எழுதி வை,” என்றார். குரல் முதல் இருந்த மாதிரி இல்லை.

எழுதி வைத்திருக்கிறேன் மாமா. சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பள்ளிக்கூட றிப்போட் மாதிரி கோடு போட்டு. பலாலி வீதி: திறந்தாச்சு, நிபந்தனையோடு. பாஸ்போட் அலுவலகம்: வந்தாச்சு. வர்த்தமானி: போட்டது, எடுத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம்: வெறுமை. மாகாண சபைத் தேர்தல்: வெறுமை. செம்மணி: தோண்டுறது நடக்குது, பதில் வெறுமை. நிறைவேற்று ஜனாதிபதி முறை: வெறுமை. கடைசி வரியில் ‘அம்மம்மாவின் படலை’ என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

2029க்கு இன்னும் நேரம் இருக்கிறது. அம்மம்மாவுக்கு இருக்குமோ தெரியாது.